எலெஃப்சினாவில் ஒரு பிடி வாய்க்கரிசி

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கிரேக்க தேசத்துக்குச் சுற்றுலா போன இருபத்திரண்டு பேரும், போகும்போது டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவிட்டுப் போனார்களே அந்தக் கொரிந்துக் கால்வாய், அதை மட்டும் பார்க்காமலே ஊர் திரும்பினார்கள் என்றால் அதற்குத் தையல்நாயகி ஒருத்திதான் காரணம். கால்வாய் என்றால் இவர்களுக்கு உயிர். மலையை இரண்டாகப் பிளந்து வெட்டியிருக்கிறானாமே, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பாய்கிறது, மதகு எங்கே வைத்திருக்கிறான், முறை போட்டுத் திறக்கிறானா, கடைமடைக்குப் போய்ச் சேருகிறதா என்றெல்லாம் கேட்பதற்கு அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவரான வேம்பையன் மனதுக்குள் ஒரு கேள்வித்தாளே எழுதி வைத்திருந்தார். அத்தனையும் ஒரு பிடி அரிசியால் போச்சு. ஆனால் அவர்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஐயோ பார்க்காமல் வந்துவிட்டோமே என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வராது.

தையல்நாயகிக்கு ஐம்பத்தெட்டு வயது. வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம். சுற்றுலா நடத்துகிற ஞானப்பிரகாசம் பயணத் தாளை நீட்டியபோது, ஏதென்ஸ், தெல்பி, ஒலிம்பியா என்று பெரிய பெரிய பெயர்களெல்லாம் வரிசை கட்டி நிற்க, அவள் விரல் ஏழாம் நாள் காலையில் போய் நின்றது. எலெஃப்சினா, ஒரு மணி நேரம். அந்த ஊரில்தான் அவள் ஒரே மகள் செங்கமலம், கப்பல் பட்டறை வெல்டர் ஒருவனைக் கட்டிக்கொண்டு குடியிருந்தாள்.

"இந்த ஊருக்கு நிஜமாவே போவீங்களா தம்பி, இல்ல தாள்ல மட்டும் போட்டிருக்கீங்களா?"

"போவோம்மா. ஆனா அங்க பெருசா ஒண்ணும் இருக்காது. எல்லாம் இடிஞ்ச கல்லு."

"இடிஞ்சதே போதும்," என்றாள் தையல்நாயகி, அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் செங்கமலம் அவனோடு போன மூன்றாம் நாள், பங்காளியும் மாமன் மச்சானும் கூடி, இனி அப்படி ஒருத்தி இல்லை என்று முடிவு கட்டி, வைக்கோலில் ஆள் உயரத்துக்குப் பொம்மை செய்து, அதன் நெஞ்சில் அவளுடைய பள்ளிக்கூடப் படத்தைக் குத்தி, பாடையில் கிடத்தி, உயிரோடு இருப்பவளுக்குச் சாவு எடுத்தார்கள். பெற்ற தகப்பன் வாசலுக்கே வராமல் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதால், முன்னால் நின்று எல்லாம் நடத்திக் குடமும் உடைத்தவர் வேம்பையன், தையல்நாயகிக்கு அண்ணன் முறை. பெற்றவள் வாய்க்கரிசி போடணும் என்றார்கள். அவள் ஒரு பிடி பச்சரிசியை அள்ளி, வைக்கோல் வாய்க்கு மேலே கையை நீட்டினாள். விரல் திறக்கவில்லை. அழுகைச் சத்தத்தில் அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. மூடிய கையோடு குளத்தில் முங்கி, மூடிய கையோடு வீடு திரும்பி, ஈர அரிசியை உலர்த்திச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். போட்டுவிட்டாள் என்று ஊர் நினைத்தது, செங்கமலமும் நினைத்தாள். போடவில்லை என்று சொல்ல இந்தப் பாவிக்கு ஆறு வருடமாக வாய் வரவில்லை.

ஏதென்ஸ் வந்து இறங்கிய அன்று மாலையே, மகளுடைய தோழி ஒருத்தியிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்த நம்பரில் மகளுக்குப் போன் போட்டாள். ஏழாம் நாள் காலையில் உங்கள் ஊர்ப் பழைய கோயிலுக்கு வருகிறேன், ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஏதோ தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"செங்கமலம் செத்து ஆறு வருஷமாச்சும்மா," என்றாள் மகள். "நீங்களே அரிசி போட்டு அனுப்புனீங்க. செத்தவ எந்திரிச்சு வந்தா நல்லாருக்குமா?"

போனை வைத்துவிட்டாள். வீடு எந்தத் தெரு என்று கேட்கக்கூட நேரமில்லை. போகட்டும், ஊர் தெரியும், கோயில் தெரியும், அவள் வருகிறவரைக்கும் அங்கேயே உட்கார வேண்டியதுதான் என்று தையல்நாயகி தீர்மானித்துவிட்டாள். அவள் தீர்மானித்தால் தீர்மானித்ததுதான், அது ஊருக்கே தெரியும்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்குப் பஸ் எலெஃப்சினாவில் நின்றது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தொழிற்சாலைப் புகைபோக்கி, நடுவில் இரும்புக் கம்பி வேலி போட்டு, வேலிக்குள்ளே ஒரு குன்றின் காலடி முழுக்க உடைந்த தூணும் உருண்ட கல்லுமாகக் கிடந்தது அந்தக் கோயில். வழிகாட்டி தெஸ்பினா என்கிற பெண் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, ஞானப்பிரகாசம் அதைத் தமிழாக்கி, கையில் வைத்திருந்த சின்ன ஒலிபெருக்கியில் முழங்கினார். பெரிய வாசல், சின்ன வாசல், வட்டக் கிணறு, மலையடியில் பாதாளத்துக்கு வழியென்று ஒரு குகை, மூவாயிரம் பேர் உட்காரும்படி பாறையிலேயே வெட்டிய படிக்கட்டு மண்டபம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தவர், குகைக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைக் கல்லருகே நின்றார்.

"இது தேமேத்தர்னு ஒரு அம்மன் கோயில். பயிர் பச்சைக்கெல்லாம் அவதான் பொறுப்பு. அவ பொண்ணு பூப்பறிக்கப் போனப்போ பாதாளத்து ராஜா தூக்கிட்டுப் போயிட்டான். அம்மாக்காரி ஒம்பது நாளு சோறு தண்ணியில்லாம, குளிக்காம கொள்ளாம, தீப்பந்தத்தைப் பிடிச்சுக்கிட்டு ஊரு ஊரா தேடிப்புட்டு, கடைசியில இந்தக் கல்லுல வந்து உக்காந்தா. அன்னிலேருந்து இதுக்குச் சிரிக்காத கல்லுன்னு பேரு. பொண்ணு வர்ற வரைக்கும் உலகத்துல ஒரு விதை முளைக்கக் கூடாதுன்னுட்டா."

"மேட்டூர அடைச்சாப்புல," என்றார் வேம்பையன்.

"அதேதான். சாமிகளே பயந்துபோய்ப் பொண்ணத் திருப்பி அனுப்புனாங்க. ஆனா அதுக்குள்ள அந்தப் பொண்ணு பாதாளத்துல மாதுளைமுத்து நாலஞ்சு தின்னுடுச்சு. ஒரு வீட்டுல கை நனைச்சா அந்த வீட்டுக்குப் பாத்தியதை வந்துருமில்ல? அதனால வருஷத்துல கொஞ்ச மாசம் அங்க, மிச்ச மாசம் அம்மாகிட்ட."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பாவம் பெத்தவ என்றார்கள். தையல்நாயகிக்கு மட்டும் யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஆறு வருடமாகத் தன்னிடமிருந்து மகளை எவனோ தூக்கிக்கொண்டு போனான் என்றுதானே அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மன் ஒன்பது நாள் குளிக்காமல் தேடினாள், நான் மூன்றாம் நாளே தலைமுழுகிவிட்டு வந்து விளக்கேற்றினேனே, என்னை எந்தக் கல் தாங்கும் என்று கேட்டுக்கொண்டாள். கேட்டபடியே போய் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தாள். சுருக்குப்பையை அவிழ்த்து அரிசியை உள்ளங்கையில் கொட்டி, "நான் போடல தாயி, பாத்துக்க, நான் போடவே இல்ல," என்று கையை விரித்தாள். ஆறு வருடம் பிடித்து வைத்திருந்த அரிசி கல்லடி மண்ணில் விழுந்து முளைத்தது.

முளைத்தது என்றால் அப்போதே முளைத்தது. ஞானப்பிரகாசம் அடுத்த தூணைக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் ஊசி ஊசியாகப் பச்சை எழும்பி நின்றது. தெஸ்பினா குனிந்து பார்த்து, கல்லூரியில் தனக்கு இதைச் சொல்லித்தரவில்லை என்று மட்டும் சொன்னாள். வேம்பையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"உமி நீக்குன அரிசி முளைக்காதே, தங்கச்சி."

"முளைச்சிருக்கே, அண்ணே."

"முளைச்சிருக்கு, அதுக்கு என்ன பண்றது? தண்ணி கட்டணுமே," என்றார் அவர். அவர் மனைவி அஞ்சம்மாள் உடனே கையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

இருபத்திரண்டு பாட்டிலும் தீர்ந்தது. வட்டக் கிணற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் தெருவில் போன பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்த ஊரில் ஒரு விசேஷம், குன்றின் உச்சியிலிருக்கும் மாதா கோயிலுக்கு விதைப்பு காலத்தில் கோதுமையும் பயறும் கடலையும் சேர்த்து வேகவைத்துக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். தானியம் வேகவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்குத் தானியம் முளைப்பதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? அவர்கள் கேட்டதெல்லாம் இது எத்தனை நாள் பயிர், எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதுதான். வேம்பையன் முழங்கால் வரைக்கும் கையைக் காட்டியதும், ஐயோ இவ்வளவா என்று வாயைப் பிளந்துவிட்டு, வாளி வாளியாகக் கம்பிக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். பதினொரு மணிக்குப் பயிர் கணுக்கால் உயரம் வந்து காற்றில் ஆட, ஞானப்பிரகாசம் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"அம்மா, கெளம்பணும். கொரிந்துக் கால்வாய்க்கு நேரமாச்சு."

"நீங்க போயிட்டு வாங்க தம்பி. எம்பொண்ணு வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

ஞானப்பிரகாசம் மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் பயிரைப் பார்த்தார்கள். பயிர் தூர் கட்டிக்கொண்டிருந்தது. நிற்கிற பயிரை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போகிற சாதியா அது? மழைக்கு முன்னால் கதிரை வீட்டில் சேர்க்க வேண்டுமென்று மகள் நிச்சயதார்த்தத்தையே தள்ளிப் போட்டவர்கள். வேம்பையன் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பு மாதிரி மண்ணை அணைக்க ஆரம்பித்தார். "கால்வா எங்க போயிரப் போவுது," என்றார்.

காவலாளி பனயோத்திஸ் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். புராதனக் கல்லின் மீது யாரும் உட்காரக் கூடாது, இது என்ன அக்கிரமம் என்றார். பிறகு நெல்லைப் பார்த்தார். இது எந்தப் பட்டியலில் சேரும் என்று தெரியாததால் மேலிடத்துக்குப் போன் செய்தார். மேலிடத்தில், அது சிலையா தூணா என்று கேட்டார்கள். செடி என்றார். செடி என்றால் வேறு பிரிவு என்று அங்கே மாற்றிவிட்டார்கள். அந்தப் பிரிவில், இடிபாடுகளுக்கு நடுவே முளைக்கும் எதையும் அன்றன்றே வெட்டி அகற்றுவது காவலாளியின் கடமை, இதுகூடத் தெரியாதா என்று சத்தம் போட்டார்கள். பனயோத்திஸ் போனை வைத்துவிட்டு, விளைந்ததும் வெட்டிவிடுங்கள், ஆனால் கதிரைப் பளிங்கில் மட்டும் அடிக்காதீர்கள் என்றார். கல்லில் உட்காருவதைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

நடுப்பகலில் கதிர் வெளிவந்து பால் பிடித்தது. வேலிக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. இந்தம்மா ஏன் எழுந்திருக்க மாட்டேனென்கிறாள் என்று அவர்கள் கேட்க, தெஸ்பினா விவரம் சொன்னாள். மகளுக்காகக் காத்திருக்கிறாள் என்றதும் அந்தப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கல்லில் உட்கார்ந்தவள் வேறெதற்குக் காத்திருப்பாள்? ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி, அந்த வெல்டர் பெண்டாட்டியை எனக்குத் தெரியும், என்னிடம்தான் மாவு வாங்குகிறாள், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய மாவோடே போனாள். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்து தலையை ஆட்டினாள்.

இரண்டு தெரு. ஆயிரக்கணக்கான மைல் வந்தவளுக்கு அந்த இரண்டு தெருதான் கடக்க முடியாததாக இருந்தது. எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டலாமா என்று கால் துடித்தது. வேண்டாம். அவள் வாசலில் போய் நின்றால், வந்த விருந்தாளியைத் துரத்த முடியாமல் கதவைத் திறப்பாள். அப்படித் திறக்கக் கூடாது. செத்தவள் என்று சொல்லி அனுப்பிய பிள்ளை, தன் காலால் நடந்து வரவேண்டும். தையல்நாயகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

இரண்டாவதாக தெஸ்பினா போனாள். அவளும் தனியாக வந்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தையின் குரல் கேட்டது என்றாள். குழந்தை இருக்கிற விஷயமே தையல்நாயகிக்கு அப்போதுதான் தெரியும். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு விசும்பினாள். அஞ்சம்மாள் வந்து தோளை அணைத்துக்கொண்டாள்.

மூன்றாவதாக யாரும் சொல்லாமலே வேம்பையன் எழுந்தார். கால் சேற்றைக்கூடக் கழுவவில்லை. அவர் போனதும் திரும்பியதும் கால் மணி நேரம். வந்து பயிர் ஓரத்தில் குந்திக்கொண்டார்.

"கதவத் தெறந்தா," என்றார். "நாந்தான்த்தா அன்னைக்குக் கொடம் ஒடைச்சேன், பழியெல்லாம் என் மேல போடு, ஒங்கம்மாளப் பாரு அப்படின்னேன். என்னைய மேலயும் கீழயும் பாத்தா. கதவச் சாத்திட்டா."

"நான் அரிசி போடலன்னு சொன்னீங்களா, அண்ணே?"

வேம்பையன் தலையைத் தூக்கினார். "என்னது?"

அப்போதுதான் தையல்நாயகி சொன்னாள். இது எந்த அரிசி, எந்தக் கையில் இருந்தது, எந்தக் குளத்தில் நனைந்தது என்று இருபத்திரண்டு பேருக்கும் கேட்கும்படி, ஞானப்பிரகாசம் ஒலிபெருக்கியை வாயருகே பிடிக்க, ஒளிக்காமல் சொன்னாள். தெஸ்பினா அதை வேலிக்கு வெளியே கிரேக்கத்தில் சொன்னாள். கேட்ட கையோடு ரொட்டிக்கடைக்காரி மறுபடி அந்த இரண்டு தெருவையும் நோக்கி நடந்தாள், இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. வேம்பையன் ஒரு கதிரைக் கையில் உருவிப் பார்த்துவிட்டு, "அறுக்கலாம், பழுத்துருச்சு," என்றார்.

அரிவாள் ஏது? எலுமிச்சம்பழம் நறுக்கும் கத்தி, மீசை கத்தரிக்கும் கத்தரிக்கோல், தெருப் பெண்கள் கொடுத்த ரொட்டிக் கத்தி எல்லாம் வயலில் இறங்கின. ஒரு கட்டில் அகல வயலுக்கு இருபத்திரண்டு ஆள் என்றால் எப்படி இருக்கும்! ஒருத்தர் முழங்கை ஒருத்தர் விலாவில் இடித்தது. பளிங்கில் அடிக்கக் கூடாது என்பதால் ஞானப்பிரகாசத்தின் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் அடித்தார்கள், சக்கரம் ஒன்று போச்சு. பூண்டு இடிக்கிற மர உரல்கள் கம்பிக்கு மேலே வந்தன. அஞ்சம்மாள் துண்டில் புடைத்துக் கொடுத்தாள். ஒரு படி அரிசி தேறியது. பஸ்ஸில் இருந்த மின்சாரக் குக்கரும் பனயோத்திஸின் சீட்டுக் கூண்டில் இருந்த பிளக்கும் சேர்ந்ததும், அந்தக் கோயிலில் எத்தனையோ நூறு வருடங்களுக்குப் பிறகு உலை கொதித்தது.

மணி மூன்றரை ஆனது. மூன்றரைக்குக் கதவைப் பூட்டியே ஆகவேண்டும், அது விதி. பனயோத்திஸ் வந்து தையல்நாயகியைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கிற மாதிரி இல்லை. அவர் கொஞ்சம் யோசித்தார். கதவு பூட்டியிருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, யார் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை என்று முடிவு செய்து, இருபத்திரண்டு பேரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் தானும் உள்ளேயே நின்றுகொண்டார். புதுநெல்லுச் சோற்று வாசனை கம்பிகளுக்கு நடுவே நுழைந்து தெருவில் போனது.

முதலில் கூட்டம் விலகியது. பிறகுதான் செங்கமலம் தெரிந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ரொட்டிக்கடைக்காரி இரண்டடி பின்னால் வந்தாள். செங்கமலம் வேலிக்கு வெளியே வந்து நின்று கம்பியைப் பிடித்தாள்.

தையல்நாயகி எழுந்தாள். காலையிலிருந்து உட்கார்ந்த கால் மரத்துப்போய் இரண்டு தடவை தடுமாறியது. யாரையும் பிடிக்க விடவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, பாதாளக் குகையைத் தாண்டி, வறண்ட கிணற்றைத் தாண்டி, பூட்டிய வேலிக்கு நடந்தாள். உள்ளே அடைபட்டு நிற்பது தான்தான், வெளியே வெயிலில் நிற்பது மகள்தான் என்பதை நடந்து வரும்போதே பார்த்தாள்.

"செத்தவளுக்கு எதுக்கும்மா சோறு?" என்றாள் செங்கமலம்.

"நான் போடல கண்ணு."

"அந்தம்மா சொல்லுச்சு. ஏன் அன்னைக்கே சொல்லல?"

"கோழை. வேற என்ன சொல்ல? ஒங்கம்மா ஒரு கோழைடி."

தையல்நாயகி ஒரு பிடி சோற்றை எடுத்து, கம்பிக்கு நடுவே கையை விட்டு மகள் வாய்க்கு நேரே நீட்டினாள். வைக்கோல் பொம்மைக்கு மேலே அன்று நீட்டிய அதே கை. இந்தத் தடவை பின்வாங்கவில்லை. செங்கமலம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். விரல்களும் திறந்தன.

சோறு வாயில் அப்படியே இருந்தது. அசையவில்லை. தையல்நாயகிக்கு உலகமே அந்தத் தாடையில் நின்றது. மகளுடைய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி உதட்டோரம் வந்தது. அப்புறம் மெதுவாகத் தாடை அசைந்தது. மென்றாள். விழுங்கினாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே போடலியாம்மா?"

உள்ளே சிரிப்பு எங்கே இருந்தது என்று தெரியவில்லை, தையல்நாயகி சிரித்தாள். அழுதுகொண்டே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாறைப் படிக்கட்டெல்லாம் கேட்கிற மாதிரி சிரித்தாள். திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணி! உப்பு கொண்டாங்க! எம்பொண்ணுக்கு உப்பு பத்தலயாம்!"

அஞ்சம்மாளுக்கு முன்னால் வேம்பையன் ஓடினார்.